பூசை நேரத்தில் போங்க

ஹோட்டல் முத்துச்சிப்பிக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், கோட்டாறில் இரும்புக் கடை வைத்திருக்கிறவர்; அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை வந்தவர்கள் மறு தடவையும் வந்ததற்குக் காரணம் மேனேஜர் செல்வதாஸின் வாய். எந்தக் கடையில் ரசவடை நன்றாக ஊறியும் உடையாமல் இருக்கும், எந்த வீட்டு வாசலில் மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் கிடைக்கும், பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் எந்த வளைவில் வண்டியை நிறுத்தினால் ரப்பர் மரங்களுக்கு நடுவே அணைத் தண்ணீர் தெரியும் என்று அவர் சொல்லத் தொடங்கினால், கேட்கிறவர்களுக்கு நின்ற இடத்திலேயே பசி எடுக்கும். இணையத்தில் ஹோட்டலைப் பற்றி எழுதியவர்கள் அறைக்கு ஒரு வரி ஒதுக்கினால் மேனேஜருக்கு நாலு வரி ஒதுக்கினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத இடமெல்லாம் தனக்குத் தெரியும் என்கிற தலைக்கனம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தேனியிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பாண்டியராஜ், அவர் மனைவி, சின்னதாக ஒரு பையன். கார்க் கதவு திறந்ததும் பையன் அலைச்சத்தம் வந்த பக்கம் ஓடப் பார்த்தான். தாய் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பங்குனி மாதத்துப் புழுக்கம். உப்புக்காற்றில் கண்ணாடிக் கதவெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது.

"நாளைக்கு எங்கிட்டுப் போகலாம் சார்? ஒங்ககிட்டதேன் கேக்கணும்னு என் மச்சான் சொல்லிவிட்டான்," என்றார் பாண்டியராஜ்.

"வெயில் ஏறதுக்கு முன்ன பேச்சிப்பாறை போங்க. மத்தியானம் திற்பரப்பு அருவில பிள்ள குளிக்கலாம். வாற வழில ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை, போர்டு கெடையாது. சாளை மீன் புளிமுளக் கறி கேளுங்க, சோறு தன்னால எறங்கும். சாயங்காலம் ஆரல்வாய்மொழி பக்கம் போனா கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் ஒண்ணாச் சுத்துறதப் பாக்கலாம்."

"கடலு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"கடல மாடில இருந்து பாருங்க. அதான் நல்லாருக்கும்."

ரிசப்ஷனில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அஜிதா தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கிட்டத்தட்ட ஒரு வருடமாக அவர் யாருக்கும் கடலைச் சொல்வதில்லை. ஏன் என்று அவளும் கேட்பதில்லை.

போன சித்திரை விடுமுறையில் ஈரோட்டிலிருந்து பூபதி என்று ஒருவர் மனைவி கோகிலாவோடும் மகள் தன்யாவோடும் வந்திருந்தார். மாடியில் பதினொன்றாம் எண் அறை. அப்படியொரு மரியாதைக்காரரை செல்வதாஸ் பார்த்ததில்லை. காலையில் எங்கே காப்பி, மத்தியானம் எங்கே சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் அறையிலிருந்து இன்டர்காமில் கூப்பிடுவார். சொன்னதை அப்படியே செய்துவிட்டு, திரும்பி வந்ததும் நன்றி சொல்வார். வழி சொல்கிறவனுக்கு இப்படி ஓர் ஆள் வாய்த்தால் வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலை கோகிலா தலைவலி என்று படுத்துவிட்டாள். தகப்பனும் மகளும் மட்டும் கீழே வந்து இட்லி சாப்பிட்டார்கள். பிள்ளை குளிக்கிற மாதிரி கூட்டமில்லாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று பூபதி கேட்டார். செல்வதாஸ் அதுவரை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த சரக்கை அன்றைக்கு எடுத்துவிட்டார்.

சருவப்பாறை. மீனவர் தெருவுக்கு அப்பால், பெரிய சருவப் பானையை நிமிர்த்தி வைத்த மாதிரி நடுவே குழிந்த பாறை. அலை வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். இடுப்பளவுத் தெளிந்த தண்ணீர், அடியில் மணல். ஆனால் யார் போனாலும் கரைக்காரர்கள் சத்தம் போட்டு விரட்டிவிடுவார்கள். தங்கள் கரை என்கிற முறைப்பில் விரட்டுகிறார்கள் என்றுதான் செல்வதாஸ் நினைத்திருந்தார். அவர் வயல்காட்டுப் பக்கம் பிறந்தவர். கடலை ஹோட்டல் ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டவர். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை, காலையில் குஞ்சும் குழந்தையும் மாதா கோயில் பூசையில் இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த அரைகுறை விவரம்தான் வினையாகிப் போனது.

"பூசை நேரத்துல போங்க," என்றார் பூபதியிடம், சிரித்துக்கொண்டே. "ஊரே கோயில்ல இருக்கும். ஒங்கள வெரட்ட ஒரு ஆளு இருக்காது."

விரட்ட ஆள் இல்லை. கூவிக் கூப்பிடவும் ஆள் இல்லை.

அன்றைக்குக் கள்ளக்கடல். மழையும் இருக்காது, காற்றும் இருக்காது. எங்கோ தூரத்தில் கிளம்பின அலை திருடன் மாதிரி ஓசைப்படாமல் வந்து கரையில் ஏறும். முதல் நாளே கோயில் மைக்கில் அறிவித்து, வள்ளங்களையெல்லாம் தென்னை மரத்தடிவரை இழுத்துப் போட்டிருந்தார்கள். மாடியிலிருந்து அதைப் பார்த்த செல்வதாஸ், ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அதுதான் வள்ளம் போகவில்லை என்று நினைத்தார். பிள்ளையை அலை எடுத்தது. பிள்ளையைப் பிடிக்கக் குதித்த தகப்பனையும் எடுத்தது.

போலீஸ்காரர் கேட்டபோது செல்வதாஸின் வாய் தானாகப் பேசியது. "நான் போவண்டாம்னு சொன்னேன் சார். அவர் கேக்கல்ல."

எத்தனையோ பேருக்கு வழி சொன்ன வாய். யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பக்கத்தில் தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்த கோகிலா அதைக் கேட்டாள். அழுகையை நிறுத்திவிட்டாள். தெரிந்தே பிள்ளையைக் கொண்டுபோய்க் கொன்றவன் என்று அந்த நிமிடத்தில் அவள் புருஷனை வெறுக்கத் தொடங்கியதை செல்வதாஸ் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். அதை மாற்ற அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. வேலை போய்விடும், கேஸ் வரும், சர்ச் சபையில் தலை காட்ட முடியாது என்று ஏதேதோ குறுக்கே வந்தது. பிறகு நாள் ஆக ஆக வார்த்தையின் கனமும் கூடிக்கொண்டே போனது. சபையில் அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுக்கிற ஞாயிறுகளில், பாவத்தோடு அதை வாங்கப் பயந்து, எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். மனைவி சத்தியபாய் கேட்டால் வயிறு சரியில்லை என்பார். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்து நின்றது.

பதினொன்றாம் அறையில் அதற்குப் பிறகு யாராலும் தங்க முடியவில்லை. பாசி அழுகின நாற்றம். வெள்ளையடித்தும் போகவில்லை, சாம்பிராணி போட்டும் போகவில்லை. முதலாளி பழைய மெத்தைகளைப் போட்டுப் பூட்டிவிடச் சொன்னார். உள்ளேயிருந்த இன்டர்காமை ஒயரோடு பிடுங்கி ஸ்டோரில் போட்டது செல்வதாஸ்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி துண்டும் மாற்றுத்துணியுமாகக் கீழே வந்து, சருவப்பாறைக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பெயரை யார் சொன்னது என்றார் செல்வதாஸ். "இப்ப நீங்கதானே போன்ல சொன்னீங்க," என்றார் பெரியவர். செல்வதாஸ் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்திருந்தார். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சமாளித்து அவர்களைக் கோட்டாறுக்குச் சிப்ஸ் வாங்க அனுப்பிவைத்தார்.

இந்த ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக ஹோட்டலுக்கு வந்துவிட்டார். வாசலிலேயே ஈர வாடை அடித்தது. தரை துடைத்த வாடை இல்லை. பாறை இடுக்கில் தேங்கின தண்ணீரின் வாடை.

"தேனிக்காரவிய எழும்பிட்டாவளா?" என்று அஜிதாவிடம் கேட்டார்.

"அவிய போயாச்சே சாரே."

"பேச்சிப்பாறைக்கா?"

"இல்ல. சாரு போன்ல விளிச்சுச் சொன்னியளாம், பாறைக்குப் போவச் சொல்லி."

"நான் இப்பந்தான மக்கா வாறேன்."

அஜிதா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியும் சாரே. அவிய ரூமுக்கு வந்த போன்காலு இஞ்ச போர்டுல காட்டிச்சு," என்று மெல்லச் சொன்னாள். "பதினொண்ணுல இருந்து போச்சு."

மேஜைமேல் இன்டர்காம் போர்டு. அறைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன விளக்குகள். எல்லாம் அணைந்திருந்தன.

பதினொன்று மட்டும் எரிந்தது.

அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் குழிக்குள் ஏறி, சற்று நின்று, இறங்குகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. குழைவான குரல். கேட்கிறவருக்கு நின்ற இடத்திலேயே பசியெடுக்க வைக்கிற குரல்.

"பூசை நேரத்துல போங்க. ஊரே கோயில்ல இருக்கும். ஒங்கள வெரட்ட ஒரு ஆளு இருக்காது."

அவருடைய குரல்.

அன்று சிரித்த இடத்தில் அப்படியே சிரித்தது. சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

செல்வதாஸ் தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தார். அவை மூடியிருந்தன.

ஸ்கூட்டரை எப்படி எடுத்தார், வளைவுகளில் எப்படித் திரும்பினார் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. மீனவர் தெருவில் ஒரு ஆள் இல்லை. திறந்து கிடந்த கதவுகள், கொடியில் துணிகள், சுவரோரம் படுத்திருந்த ஓர் ஆடு. கோயில் மைக்கில் பூசைப்பாட்டு. தெரு முடிகிற இடத்தில் வள்ளங்கள் தென்னை மரத்தடிவரை இழுத்துப் போடப்பட்டிருந்தன. இந்தத் தடவை அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமையாகத் தெரியவில்லை.

சருவப்பாறையில் தேனிக்காரரின் பையன் மார்பளவுத் தண்ணீரில் நின்று கையால் அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். தாய் பாறை விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். பாண்டியராஜ் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடல் பதவிசாக இருந்தது. இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. வழக்கமாக முங்கியே கிடக்கும் கறுப்புப் பாறைகள் வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தன.

அலைச்சத்தமே இல்லை.

செல்வதாஸ் செருப்போடு தண்ணீரில் இறங்கிப் பையனின் தோளைப் பிடித்தார். பையன் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான்.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் கால் ஓடாது என்று தெரியும். பையனை அள்ளிக்கொண்டு, கத்துகிற தாயையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினார். பாண்டியராஜ் என்னவோ கேட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். தென்னை மரத்தடிக்கு வந்து மூச்சு வாங்கியபோதுதான் முதுகுப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. அலை அடிக்கிற சத்தம் இல்லை. ஒரு பெரிய வாய் தண்ணீரை விழுங்குகிற சத்தம். பாறை, விளிம்பு, அவர்கள் விட்டுவிட்டு வந்த துண்டு, பை எல்லாம் நுரைக்குள் போயின. நுரை வடிந்தபோது சருவப்பாறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

தாய் பையனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாண்டியராஜ் செல்வதாஸின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நீதானய்யா காலையில போனப் போட்டுச் சொன்ன. யாரும் இருக்க மாட்டாக, போங்கன்னு சொன்னது நீதான?"

இல்லை, நான் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் போலீஸ்காரர் முன்பு வந்த அதே வார்த்தை, அதே ருசி.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார். "போன வருசமும் இதே எடத்துக்கு ஒரு தகப்பனையும் பிள்ளையையும் நான்தான் அனுப்பினேன். ரெண்டு பேரும் போயிட்டாவ. அவருதான் சொன்னது கேக்கல்லன்னு பழியத் தூக்கிச் செத்தவரு மேல போட்டேன்."

பாண்டியராஜின் கை சட்டையை விட்டது. திட்டியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால்கூட செல்வதாஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் அப்படியே அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது பையன் மட்டும் காருக்குள்ளிருந்து மாடியைப் பார்த்துக் கையசைத்தான்.

மத்தியானம் முழுக்க செல்வதாஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கோகிலாவைக் கூப்பிட்டார். எடுத்தபோது அந்தப் பக்கம் தறிச்சத்தம் கேட்டது.

"முத்துச்சிப்பி மேனேஜர் செல்வதாஸ் பேசறேம்மா."

தறிச்சத்தம் விலகிப் போனது. அவள் வெளியே வந்திருக்கவேண்டும். "சொல்லுங்க."

"பூபதி சார்ட்ட நான் போவண்டாம்னு சொல்லல்ல. அவரு பிள்ளைக்கு எடம் கேட்டாரு, நான்தான் அந்தப் பாறைக்குப் போகச் சொன்னேன். போலீஸ்ல சொன்னது பொய். நாளைக்கு அவியள்ட்டயும் போய்ச் சொல்லப் போறேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தப் பக்கம் அவள் திண்ணையில் உட்காருகிற சத்தம் கேட்டது.

"அவரு படத்தச் செவுத்தப் பாக்கத் திருப்பி வெச்சிருக்கறனுங்க," என்றாள் கோகிலா. குரல் உயரவில்லை. "ஒரு வருசமா எம் புருசனுக்கு ஒரு வாய் சோறு படைக்கல. பிள்ளைக்கு மட்டும் படைப்பேன். அவருக்குக் கேக்கட்டும்னே வெளக்கு முன்னால நின்னு திட்டுவனுங்க. கேட்டிருப்பாருங்களா?"

"மன்னிச்சிருங்கம்மா."

"எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க. அவருகிட்ட ஆருங்க சொல்றது?"

போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கோடைமழை பிடித்துக்கொண்டது. கடலும் வானமும் ஒன்றாகக் கறுத்தன. காற்று ஜன்னல்களை அடித்து அடித்துச் சாத்தியது. கரண்டும் போனது. அஜிதா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜன்னல்களை மூட மாடிக்குப் போனாள். செல்வதாஸ் மெழுகுவத்திகூட ஏற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியிருக்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. அவருகிட்ட ஆரு சொல்றது என்கிற கேள்விதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் இன்டர்காம் அடித்தது.

கரண்ட் இல்லாத போர்டில் பதினொன்று எரிந்தது.

எடுத்தார். இந்தத் தடவை அவருடைய குரல் இல்லை.

"ஏனுங்க சார், தூங்கிட்டிருந்தீங்களா? தொந்தரவு பண்ணிட்டனுங்களா?"

பூபதி. அதே மரியாதை, அதே இழுவை. பின்னால் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை மெல்லச் சிரித்தது.

"மழ விட்டுருமுங்களா சார்? பாப்பா குளிக்கோணும்னு ஒரே அடம்," என்றது குரல். "எங்கீங்க போலாம்?"

சொல்லவேண்டியது அவருக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன், உங்கள் மனைவி உங்களை வெறுத்தது என்னால், என்னை மன்னியுங்கள். மூன்றே வார்த்தையில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் இவர்கள் திரும்பவும் அந்தப் பாறைக்குத்தான் போவார்கள், திரும்பவும் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்குவார்கள் என்கிற பதைப்பு முந்திக்கொண்டது. வழி சொல்லியே பழகின வாய் வேறு.

"எங்கயும் போவண்டாம் சார். ரூம்லயே இருங்க," என்றார்.

அந்தப் பக்கம் பெண்பிள்ளையின் சிரிப்பு நின்றது.

"சரிங்க சார். நீங்க சொன்னாச் சரிதானுங்க."

விளக்கு அணைந்தது. செல்வதாஸ் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு என்கிற சொல்லை வெறும் ஒயருக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

மாடிப்படியில் டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. அஜிதா கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய செருப்பு ஈரமாக இருந்தது.

"பதினொண்ணு தொறக்கல்ல சாரே. சாவி சுத்துது. உள்ள தாப்பா போட்டிருக்கு."

செல்வதாஸ் அவளைப் பார்த்தார்.

"ஆரு உள்ளன்னு தட்டினேன்," என்றாள். "ஒரு ஆளு பேசுதாவ. வெளிய வரமுடியாதாம். மேனேஜர் சாரு ரூம்லயே இருக்கச் சொல்லியிருக்காராம்."

மேலே, நடைபாதையின் கோடியில், ஒரு குழந்தை தண்ணீரைக் கையால் அடித்து விளையாடுகிற சத்தம் கேட்டது.

"எது வரைக்கும் இருக்கணும்னு கேக்காவ சாரே."